மிசிசிப்பிக் கரைக்குப் போன நம்மூர்த் துணி

லூசியானா என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது 2005-இல் நியூ ஆர்லியன்ஸ் நகரை மூழ்கடித்த கத்ரீனா புயல். இசைப் பித்து உள்ளவர்களுக்கு லூயி ஆம்ஸ்ட்ராங்கின் டிரம்பெட். அமெரிக்காவின் 50 மாநிலங்களில் பிரெஞ்சு வாசனை இன்னும் விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் மாநிலம் அது என்று சுற்றுலா வழிகாட்டிகள் பெருமையாகச் சொல்வார்கள். அந்த வாசனையில் புதுச்சேரிச் சாயத்தொட்டியின் புளித்த நெடியும் கொஞ்சம் கலந்திருக்கிறது என்பதை அவர்கள் சொல்வதில்லை. நாமும் சொல்லிக்கொள்வதில்லை. நீலம் தோய்த்த ஒரு பீஸ் துணியும், கட்டம் போட்ட ஒரு கைக்குட்டையும் கடல்கள் தாண்டி அந்த மாநிலத்தின் சரித்திரத்துக்குள் நுழைந்த கதை இது.

கதையை வீராம்பட்டினத்தில் தொடங்குவதே நியாயம். புதுவையிலிருந்து கடலூர் சாலையில் தெற்கே வந்து, அரியாங்குப்பத்தில் கிழக்கே திரும்பினால் கடலோரத்தில் இருக்கிறது இந்த மீனவர் ஊர். ஊரை ஒட்டிய காக்காயன்தோப்பில், ஆற்றங்கரை மேட்டில் அரிக்கமேடு. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய கடல்வழிக் கையேட்டில் பொதுகே என்று குறிக்கப்படும் துறைமுகம் இதுதான் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. 1945-இல் மார்ட்டிமர் வீலர் இங்கே தோண்டியபோது ரோமாபுரிச் சாடிகளின் உடைசல்களும், இத்தாலியின் அரெசோ நகரத்துச் சிவப்புப் பாத்திரங்களும், செங்கல் தொட்டிகளும் கிடைத்தன. அந்தத் தொட்டிகள் மெல்லிய பருத்தித் துணிக்குச் சாயம் ஏற்றியவை என்றார் வீலர். பின்னால், 1989 முதல் 1992 வரை இங்கே அகழ்ந்த விமலா பெக்லி அதை அப்படியே ஏற்கவில்லை. தொட்டிகளின் வழக்கு எப்படி முடிந்தாலும், தமிழகத்துத் துணி செங்கடல் வரை போனதில் சந்தேகமில்லை. உறையூர் மெல்லிய துணியை அதே கையேடு பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. எகிப்தின் பெரெனிகே துறைமுகத்து மணலில் இந்தியப் பருத்தித் துண்டுகள் கிடைத்திருக்கின்றன.

பழம்பெருமை இருந்ததே வெகுகாலம் யாருக்கும் தெரியாது. 1734-இல் புதுச்சேரியிலிருந்து பாரீசுக்குப் போன, பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கும்பினியின் கடிதமொன்று, வீராம்பட்டினத்து ஆட்கள் மண்ணைத் தோண்டிப் பழைய செங்கல் எடுக்கிறார்கள் என்று போகிற போக்கில் சொல்கிறது. அவ்வளவுதான், கும்பினி அதைப் பொருட்படுத்தவில்லை. அதன் கண் வேறொன்றின் மேல் இருந்தது: துணி.

இப்போது ஒரே தாவாகப் பாரீசுக்குப் போவோம். அங்கே ஜான் லா என்றொரு ஸ்காட்லாந்துக்காரர். கணக்கில் புலி, சூதாட்டத்தில் சூரர், 1694-இல் லண்டனில் ஒற்றைக்கு ஒற்றைச் சண்டையில் ஒருவரைக் கொன்றுவிட்டுத் தப்பி ஓடியவர். பதினான்காம் லூயி மன்னர் வைத்துவிட்டுப் போன கடன்மலையைக் காகிதப் பணத்தால் கரைத்துக் காட்டுகிறேன் என்று பிரான்சின் ஆட்சிப் பொறுப்பாளரான ஓர்லியான் கோமகனை நம்பவைத்தார். 1717-இல் அவர் தொடங்கிய கும்பினியின் கையில் லூசியானா ஒப்படைக்கப்பட்டது. 1682-இல் லா சால் என்பவர் மிசிசிப்பி ஆற்றின் முகத்துவாரம் வரை படகில் வந்து, மன்னர் பெயரால் உரிமை கொண்டாடிய பெருநிலம் அது. 1718-இல் அங்கே ஆற்றின் வளைவில், சதுப்பு நிலத்தில், கோமகனின் பெயரால் நியூ ஆர்லியன்ஸ் எழுந்தது. மறு ஆண்டு, 1719-இல், லா தன் கும்பினியைப் பழைய கிழக்கிந்தியக் கும்பினியோடு இணைத்தார். அந்த இணைப்பில் புதுச்சேரியும் அவர் பைக்குள் விழுந்தது.

ஆக, 1719 முதல் 1731 வரை லூசியானாவும் புதுச்சேரியும் ஒரே முதலாளியின் இரண்டு கடைகள். ஒரு கடையில் சரக்கு மலைபோல் இருந்தது, ஆள் இருந்தார்கள், வேலை தெரிந்தது. இன்னொன்றில் நிலம் மட்டும் இருந்தது.

பாரீசில் அந்தப் பங்குகளுக்குப் பிடித்த பைத்தியம் உலகப் பிரசித்தம். 500 லிவருக்கு வெளியிட்ட பங்கு 10,000-ஐ எட்டியது. தெருவில் நின்று பத்திரம் எழுத மேசை கிடைக்காமல், கூனன் ஒருவன் தன் முதுகை வாடகைக்கு விட்டுக் காசு பார்த்தான் என்று ஒரு கதை உண்டு. லூசியானாவில் தங்கமலை இருக்கிறது என்று நம்பி வாங்கியவர்கள்தான் அதிகம். 1720-இல் குமிழி உடைந்தது. லா ஊரைவிட்டு ஓடி, 1729-இல் வெனிசில் செத்தார். கும்பினி மட்டும் சாகவில்லை. தங்கமலை இல்லையென்று தெரிந்ததும் அது தனக்குத் தெரிந்த தொழிலுக்குத் திரும்பியது.

அந்தத் தொழிலில் புதுச்சேரியின் பங்கு என்ன? இங்கே பிரான்சின் ஒரு விசித்திரச் சட்டத்தைச் சொல்ல வேண்டும். 1686 முதல் 1759 வரை, சாயமிட்டு அச்சடித்த இந்தியப் பருத்தித் துணியைப் பிரான்சுக்குள் உடுத்தத் தடை. உள்ளூர்ப் பட்டு, கம்பளி நெசவாளர்கள் போட்ட கூச்சல் அப்படி. ஆனால் அதே துணியைக் கப்பலில் கொண்டுவந்து வெளிநாட்டுக்கு அனுப்பத் தடையில்லை. பாரீசுச் சீமாட்டி உடுத்தக் கூடாத துணிக்குக் கும்பினி வேறு சந்தை தேட வேண்டியிருந்தது. அது மேற்கு ஆப்பிரிக்காவில் கிடைத்தது.

அங்கே எடுபட்ட சரக்கை பிரெஞ்சுக்காரர்கள் கினே என்றார்கள். கனத்த, அழுத்தமான பருத்தித் துணி. பதினைந்து பதினாறு மீட்டர் நீளம். கருமை தட்டும் அளவுக்கு ஏறிய நீலம். நீலத்தைக் கொடுத்தது அவுரி. இலையைத் தொட்டியில் ஊறப்போட்டு, புளித்ததும் தண்ணீரைக் கட்டையால் அடித்து அலசி, அடியில் தங்கும் வண்டலைக் காயவைத்து வில்லையாக்குவார்கள். அந்த வில்லையைச் சாயக்காரர் சுண்ணாம்பும் தகரை விதைக் கஞ்சியும் சேர்த்து மறுபடி புளிக்கவைப்பார். தோய்த்தெடுக்கும்போது துணி பச்சையாகத்தான் வெளியே வரும். காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாகும். இருட்டு நீலம் வேண்டுமென்றால் திரும்பத் திரும்பத் தோய்க்க வேண்டும். சாயக்காரரின் கை முழங்கை வரை நீலம்.

இந்தத் தொழிலின் உள்விவரம் தெரிந்த தமிழர் ஒருவரை நாம் எல்லோரும் அறிவோம், வேறு காரணத்துக்காக. ஆனந்தரங்கப் பிள்ளை. குவர்னர் துய்ப்ளேயின் துபாஷியாவதற்கு வெகுமுன்பே, லெனுவார் குவர்னராக இருந்த நாட்களில், பரங்கிப்பேட்டையில் இருந்த கும்பினிக் கிடங்கின் உள்ளூர்த் தலைமையை இளைஞரான பிள்ளையிடம் ஒப்படைத்தார்கள். நீலத் துணி நெய்விப்பதும் தோய்ப்பிப்பதும்தான் அந்தக் கிடங்கின் வேலை. 1736-இல் தொடங்கும் அவர் நாட்குறிப்பை அரசியல் வம்புக்காகவே வாசிக்கிறோம். கப்பல் வந்தது, போனது, எத்தனை மூட்டை ஏற்றினார்கள், எந்த வியாபாரி முன்பணம் கேட்டு நச்சரித்தார் என்று அவர் எழுதிவைத்த பகுதிகளை வேகமாகப் புரட்டிவிடுகிறோம். எனக்கென்னவோ, அந்தப் புத்தகத்தின் உயிர் அங்கேதான் இருப்பதாகப் படுகிறது.

மூட்டைகள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு பிரான்சின் மேற்குக் கரைக்குப் போயின. நாந்திலும் பிறகு லோரியானிலும் ஏலம் நடந்தது. அங்கிருந்து வேறு கப்பலில் செனகலுக்கு. செனகலில் அந்தத் துணி பணமாக மாறியது. கோந்து வாங்கலாம், தந்தம் வாங்கலாம். மனிதர்களையும் வாங்கலாம்.

1719-க்கும் 1731-க்கும் இடையில் கும்பினியின் கப்பல்கள் 22, கிட்டத்தட்ட 6,000 ஆப்பிரிக்கர்களை லூசியானாவுக்கு அடிமைகளாகக் கொண்டுபோய் இறக்கின. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் செனகல், காம்பியா ஆறுகளின் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அவர்களை வாங்கக் கொடுத்த சரக்கில் இந்தியத் துணிக்கு முக்கிய இடம் உண்டு. மாலத்தீவுச் சோழிகளும் இரும்பும் சாராயமும் துப்பாக்கியும் மற்றவை. கடற்கரைத் தறிகளில் கால் மிதித்தவருக்குத் தன் துணி எங்கே போய் எதை வாங்குகிறது என்று தெரிந்திருக்க வழியில்லை. ஆனால் பாரீசில் கணக்கு எழுதியவனுக்குத் தெரியும். சோழமண்டலக் கடற்கரையின் நெசவைப் பற்றி நாம் எழுதும் பெருமைப் பட்டியல்களில் இந்த வரி வருவதில்லை. வராவிட்டால் கணக்கு நேராகாது.

லூசியானாவுக்குப் போய்ச் சேர்ந்தவர்கள் வெறுங்கையர் அல்லர். நெல் விளைவிக்கத் தெரிந்தவர்களாகப் பார்த்து வாங்கிவரும்படியும், விதைநெல் கொண்டுவரும்படியும் கும்பினியே தன் கப்பல் தலைவர்களுக்குக் கட்டளை கொடுத்திருந்தது. நியூ ஆர்லியன்ஸ் பட்டினி கிடக்காமல் பிழைத்ததில் அந்தச் செனகல் நெல்லறிவுக்குப் பங்குண்டு. அவர்களில் பலருக்கு அவுரிச் சாயமும் தெரியும். மேற்கு ஆப்பிரிக்காவிலும் நீலம் தோய்ப்பது பழந்தொழில். 1720-களிலேயே கும்பினி லூசியானாவில் அவுரி போட்டுப் பார்த்தது. ஒரு கடையில் விலைபோன சரக்கை இன்னொரு கடையிலும் செய்து பார்க்கும் ஆசை. அது பலித்தது. அடுத்த அறுபது எழுபது ஆண்டுகள் லூசியானாவின் பெரிய பணப்பயிர்களில் அவுரியும் ஒன்று. பிறகு 1790-களில் புழு விழுந்து பயிர் அழிந்தது. எத்தியென் த போரே என்ற பண்ணைக்காரர் 1795-இல் கரும்பு நட்டு, சர்க்கரை காய்ச்சி, வெற்றி கண்டார். லூசியானா அவுரியைக் கைவிட்டுச் சர்க்கரைக்குத் தாவியது. அடிமைகளின் பாடு இன்னும் மோசமானது.

நாம் கொஞ்சம் முந்திவிட்டோம். 1729-இல் நாட்சஸ் பழங்குடியினர் கும்பினிக் கோட்டையைத் தாக்கி இருநூறுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றார்கள். நட்டம் தாங்காமல் 1731-இல் கும்பினி லூசியானாவை மன்னரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டது. கடைகள் பிரிந்தன, ஆனால் தலைவிதி பிரியவில்லை. 1761 ஜனவரி 16-இல் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் சரணடைந்தது. ஆனந்தரங்கப் பிள்ளை அதற்கு நான்கு நாள் முன்பு கண்மூடிவிட்டார். ஆங்கிலேயர் நகரத்தைக் கல்மேல் கல் இல்லாமல் இடித்தார்கள். 1763-இல் பாரீசில் ஓர் ஒப்பந்தம்: புதுச்சேரி பிரான்சுக்குத் திரும்பியது, அதே காகிதத்தில் மிசிசிப்பிக்குக் கிழக்கேயுள்ள லூசியானா ஆங்கிலேயருக்குப் போயிற்று. மேற்குப் பகுதியையும் நியூ ஆர்லியன்சையும் பிரான்சு அதற்கு முந்திய ஆண்டே சத்தமில்லாமல் ஸ்பெயினுக்குக் கொடுத்திருந்தது.

1765-இல் இடிபாடாகக் கிடந்த புதுச்சேரியைப் பெற்றுக்கொண்டு, மறுபடி கட்டியெழுப்ப வந்த குவர்னர் யார்? ழான் லா த லொரிஸ்தோன். லூசியானாக் குமிழியை ஊதிய அதே ஜான் லாவின் தம்பி மகன்! பெரியப்பா காகிதத்தில் ஒரு நகரத்தைத் தொடங்கிவைத்தார்; மகன் செங்கல்லால் இன்னொரு நகரத்தை மீட்டுக் கட்டினார். புதுவை விமானநிலையம் இருக்கும் லாஸ்பேட்டை அவர் பெயரைத்தான் சுமக்கிறது. தினமும் அந்தப் பெயரைப் பேருந்தில் கேட்டு இறங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு மிசிசிப்பி நினைவுக்கு வரும்? லாவின் காலத்தில்தான் லெ ழாந்தி என்ற வானியலர் சுக்கிரன் சூரியனைக் கடப்பதைப் பார்க்கப் புதுச்சேரிக்கு வந்து, 1769 ஜூனில் சரியாக அந்த நேரம் மேகம் மூடி ஏமாந்தார். வானம் கைவிட்டவருக்கு மண் கொஞ்சம் கொடுத்தது. வீராம்பட்டினத்தில் ஊரார் பெரிய பெரிய பழஞ்செங்கற்களைத் தோண்டியெடுப்பதைப் பார்த்து, அவை வீரராகவன் என்ற ராஜாவின் கோட்டைச் செங்கற்கள் என்று அவர்கள் சொன்னதையும் எழுதிவைத்தார்.

இனி கைக்குட்டை. கினே ஒற்றை நீலம் என்றால், கைக்குட்டை கட்டம். பழவேற்காட்டிலும் சென்னைக்கு வடக்கேயுள்ள கடற்கரை ஊர்களிலும் நூலுக்கே முதலில் சாயமேற்றிவிட்டு நெய்தது. சிவப்புக்குச் சாயவேர், நீலத்துக்கு அவுரி. பாவிலும் ஊடையிலும் நிறத்தை மாற்றி மாற்றிக் கொடுத்தால் கட்டம் விழும். சதுரம் சதுரமாக, ஒரே பீஸில் பல கைக்குட்டைகள் தொடர்ந்து வரும். வாங்கியவர் வெட்டிக்கொள்ள வேண்டியதுதான். ஐரோப்பிய வியாபாரிகள் இதற்குச் சென்னைப்பட்டினத்தின் பெயரையே வைத்து, ‘மதராஸ்’ என்றார்கள். கரீபியத் தீவுகளில் இது தலையில் ஏறியது. மார்த்தினிக், குவாதலூப், செயிண்ட் லூசியா தீவுகளில் இன்றும் பெண்களின் மரபு உடை மதராஸ் துணியில்தான்.

நியூ ஆர்லியன்சில் அது தலையில் ஏறியதற்கு ஒரு சட்டம் காரணம். ஸ்பெயின் ஆட்சியில், 1786 ஜூனில், கவர்னர் எஸ்தேபான் மீரோ ஓர் ஆணை போட்டார். கறுப்பினப் பெண்களும் கலப்பினப் பெண்களும், அடிமையானாலும் விடுதலை பெற்றவரானாலும், தலையில் இறகும் நகையும் சூடக் கூடாது. கூந்தலைத் தாழ்வாக வாரிக்கொள்ள வேண்டும், அல்லது துணியால் கட்டிக்கொள்ள வேண்டும். சுதந்திரமான கலப்பினப் பெண்கள் வெள்ளைக்காரச் சீமாட்டிகளைவிட எடுப்பாகத் திரிந்தது மேலிடத்தின் கண்ணை உறுத்தியது. தலைக்கட்டு அடிமைத்தனத்தின் அடையாளமாக இருக்கட்டும் என்பது கணக்கு. கணக்கு தப்பியது. அந்தப் பெண்கள் பளிச்சென்ற மதராஸ் கட்டத்தை எடுத்து, மடித்து, முறுக்கி, உயரமாகக் கட்டி, தண்டனையையே அலங்காரமாக்கிவிட்டார்கள். தின்யோன் என்று அந்தக் கட்டுக்குப் பெயர்.

ஆணையை எத்தனை பேர் பின்பற்றினார்கள், எவ்வளவு நாள் அது அமலில் இருந்தது என்பது வரலாற்றாசிரியர்களின் சண்டை. ஓவியங்கள் கண்ணெதிரே இருக்கின்றன. 1837-இல் பிராங்சுவா பிளைஷ்பைன் வரைந்த பெட்சி என்ற பெண்ணின் படமும், 1840 வாக்கில் ழாக் அமான் வரைந்த, செந்நிறத் தலைக்கட்டு அணிந்த கிரியோல் பெண்ணின் படமும் இன்று நியூ ஆர்லியன்சின் பெருமைக்குரிய ஓவியங்கள். ஆணை போட்டு அரை நூற்றாண்டு கழித்தும் பெண்கள் தலைக்கட்டோடு நிமிர்ந்து உட்கார்ந்து படம் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். நகரத்தின் புகழ்பெற்ற வூடூ பூசாரி மரி லவோவை மக்கள் இன்றுவரை மனத்தில் பார்ப்பதும் தலைக்கட்டோடுதான்.

இந்த வழக்கத்துக்குப் புது இரத்தம் கொடுத்தது ஒரு புரட்சி. செயின்ட் தொமாங் தீவில், இன்றைய ஹெய்ட்டியில், அடிமைகள் கிளர்ந்தெழுந்து 1804-இல் தனிநாடு கண்டார்கள். அங்கிருந்து கியூபாவுக்கு ஓடியிருந்த வெள்ளையரும் விடுதலைபெற்ற கலப்பினத்தவரும், அவர்கள் கொண்டுவந்த அடிமைகளுமாக, 1809–10-இல் 9,000-க்கும் மேற்பட்டோர் நியூ ஆர்லியன்சில் வந்து இறங்கினார்கள். நகரத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ இரட்டித்தது. அந்தத் தீவுப் பெண்களுக்கு மதராஸ் தலைக்கட்டு அன்றாட உடை.

அதற்குள் லூசியானா கைமாறிவிட்டிருந்தது, அதிலும் நம்மூர்ப் பிள்ளை ஒருவர் வருகிறார். குவர்னர் லாவுக்கு 1768-இல் புதுச்சேரியில் பிறந்த மகன் ழாக், நெப்போலியனின் தளபதியானார். 1801-இல் ஆங்கிலேயரோடு சமாதான முன்னொப்பந்தத்தைப் பிரான்சு உறுதிசெய்த காகிதத்தை லண்டனுக்குக் கொண்டுபோனவர் அவர்தான். சண்டை ஓய்ந்த சந்தோஷத்தில் லண்டன் கூட்டம் குதிரைகளை அவிழ்த்துவிட்டு அவர் வண்டியைத் தானே இழுத்ததாம். அந்தச் சமாதானத்தால் புதுச்சேரி பிரான்சுக்குத் திரும்ப வேண்டும். லூசியானாவையும் நெப்போலியன் ஸ்பெயினிடமிருந்து திரும்ப வாங்கியிருந்தார். இரண்டும் கைக்கு வந்த மாதிரிதான். 1803-இல் இரண்டுமே நழுவின. மறுபடி போர் மூளும் என்று தெரிந்ததும் ஏப்ரல் 30-இல் லூசியானாவை அமெரிக்காவுக்கு 1.5 கோடி டாலருக்கு விற்றார். புதுச்சேரியைப் பெற்றுக்கொள்ள ஜூலையில் கப்பலில் வந்த தெகான் தளபதிக்கு ஆங்கிலேயர் ஊரைக் கொடுக்கவே இல்லை. லூசியானா 1812-இல் அமெரிக்காவின் 18-ஆவது மாநிலமானது. புதுச்சேரி 1816-இல்தான் மறுபடி பிரெஞ்சுக் கொடியைப் பார்த்தது.

விற்பனை என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. லூசியானாவை விற்கும்போது அங்கே குடியிருந்த ஒருவரிடமும் யாரும் கேட்கவில்லை. 1954 அக்டோபர் 18-இல் வில்லியனூர்ப் பக்கத்துக் கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி, 170 பேர் இந்தியாவோடு சேர வாக்களித்த பிறகே பிரான்சு கிளம்பியது. நூற்றைம்பது ஆண்டில் உலகம் அவ்வளவாவது மாறியிருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் துணிப் போக்குவரத்தே தலைகீழானது. பஞ்சுகடை இயந்திரம் வந்த பிறகு லூசியானாவும் அக்கம்பக்கமும் பருத்திக் காடாயின. நியூ ஆர்லியன்ஸ் உலகின் பெரிய பருத்தித் துறைமுகங்களில் ஒன்று. அந்தப் பஞ்சு லிவர்பூல் வழியாக மான்செஸ்டருக்குப் போய், நூலாகவும் துணியாகவும் நம்மூர்ச் சந்தைக்கு வந்து, நம்மூர்த் தறியின் வயிற்றில் அடித்தது. புதுச்சேரித் துணியைக் கொடுத்து வாங்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் பறித்த பஞ்சு, புதுச்சேரி நெசவாளரின் பிழைப்பைக் கெடுத்தது. இதைக் கதையில் எழுதினால் செயற்கை என்பார்கள்.

கினே மட்டும் சுலபத்தில் தோற்கவில்லை. அடிமை வியாபாரம் ஒழிந்த பிறகும் செனகல் ஆற்றங்கரையில் கருவேலங்கோந்து வாங்க அதுவே நாணயம். நார்மண்டியில் ருவான் நகரத்து ஆலைக்காரர்களும் மான்செஸ்டர்க்காரர்களும் போலி கினே நெய்து அனுப்பினார்கள். பாலைவனத்து மூர்கள் துணியைக் கையில் எடுத்துத் தடவி, மூக்கருகே வைத்து முகர்ந்து பார்த்துவிட்டுப் போலியைத் தள்ளினார்களாம். புதுச்சேரி நீலத்துக்கென்று ஒரு வாசம். அதை எந்த ஆலையாலும் நெய்ய முடியவில்லை. போலி மிகுந்துபோய், 1843-இல் பிரெஞ்சு அரசே கினேக்கு அளவும் எடையும் விதித்து முத்திரை குத்தச் சொன்னது. வேடிக்கை என்னவென்றால், அப்படி வாங்கிய கோந்து பிரான்சுக்குப் போய், அச்சுத் துணிக்கான சாயத்தைக் கெட்டியாக்கப் பயன்பட்டது. எந்தத் துணி? இந்தியச் சித்திரத் துணியைப் பார்த்துக் காப்பியடித்த பிரெஞ்சுத் துணி!

கினேக்கு நூல் வேண்டியிருந்ததால்தான் புதுச்சேரிக்கு ஆலை வந்தது. 1820-களின் கடைசியில் சவானா, 1892-இல் கொசப்பாளையத்தில் கெப்லே, 1898-இல் முதலியார்பேட்டையில் ரோடியர். வில்லியனூர், அரியாங்குப்பம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஆட்கள் சங்கு ஊதும் முன் நடந்தே வேலைக்கு வந்தார்கள். தறியில் கூலிக்கு நெய்தவன் இப்போது ஆலையில் பன்னிரண்டு மணிநேரத்துக்கு மேல் நின்றான். 1936 ஜூலை 30-இல் சவானாவில் போராடிய தொழிலாளர்கள்மீது துப்பாக்கிச் சூடு. 12 பேர் இறந்தார்கள். வ. சுப்பையா முன்னின்ற அந்தப் போராட்டத்தின் விளைவாக எட்டு மணிநேர வேலை வந்தது. ஆசியாவிலேயே முதலில் எங்களுக்குத்தான் என்று புதுவைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள்.

மதராஸ் துணிக்கு அமெரிக்காவில் இன்னொரு பிறவி இருந்தது, அதுவும் ஒரு விபத்தால். 1958-இல் நியூயார்க் இறக்குமதியாளர் ஒருவர் சென்னைக்கு வந்து ஏராளமாகக் கட்டத்துணி வாங்கிப் போனார். முதல் சலவையைக் குளிர்ந்த நீரில் மெதுவாகச் செய்ய வேண்டும் என்ற சேதி வாங்கியவர்களை எட்டவில்லை. இயந்திரத்தில் போட்டார்கள், சாயம் இறங்கி ஒன்றோடொன்று கலந்தது. வழக்கு வரும் என்று எல்லோரும் நடுங்கிக்கொண்டிருக்க, பெண்களுக்கான ஒரு பத்திரிகை, ஒவ்வொரு சலவைக்கும் நிறம் மாறும் இந்தியாவின் அதிசயத் துணி என்று எழுதித் தள்ளியது. சாயம் போவதே சிறப்பு என்று விளம்பரம் வந்தது. நம் அம்மாக்கள் ‘சாயம் போகுமாப்பா?’ என்று கேட்டுக் கேட்டு வாங்கும் அதே துணிக்கு, சாயம் போகும் என்று உத்தரவாதம் கொடுத்து விற்றார்கள்!

கைக்குட்டை போன வழியில் ஆட்களும் போனார்கள். 1853-இல் ‘ஒரேலி’ என்ற கப்பல் முதல் கூலிகளை மார்த்தினிக்கில் இறக்கியது. மறு ஆண்டு குவாதலூப். 1880-கள் வரை புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களைக் கொண்டு மார்த்தினிக்குக்கு ஏறத்தாழ 25,000 பேர், குவாதலூப்புக்கு 42,000 பேர். கரும்புக் காட்டு வேலைக்குப் போய் இறங்கிய தமிழச்சி, எதிரே வந்த கறுப்பினப் பெண்ணின் தலையில் தன் ஊர்க் கட்டத்துணியைப் பார்த்திருப்பாள். என்ன நினைத்தாளோ, எந்தக் காகிதத்திலும் இல்லை.

லூசியானாவும் புதுச்சேரியும் பிரெஞ்சுக்காரன் விட்டுப்போனதை வைத்துக்கொண்டிருக்கும் விதத்தை அருகருகே வைத்துப் பார்ப்பது சுவாரசியம். அமெரிக்காவில் மற்ற மாநிலங்கள் பெரும்பாலானவற்றில் மாவட்டத்துக்குக் கவுண்டி என்று பெயர். லூசியானாவில் மட்டும் பாரிஷ், அதாவது பழைய கத்தோலிக்கப் பங்கு. மொத்தம் 64. நமக்குக் கொம்யூன். 1880-இல் பிரெஞ்சு ஆணை உண்டாக்கிய பிரிவு. இன்றும் அரியாங்குப்பம், பாகூர், வில்லியனூர், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு என ஐந்து கொம்யூன் பஞ்சாயத்துகள். தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டி ஒரு தெரு இந்தப் பக்கம் வந்தால் ஊராட்சி ஒன்றியம் கொம்யூனாக மாறிவிடும். லூசியானாவின் குடிமைச் சட்டம் பிரெஞ்சு வார்ப்பில் 1808-இல் எழுதப்பட்டது. மற்ற அமெரிக்க மாநிலங்களின் வழக்கறிஞர்களுக்கு அது இன்றும் தலைவலி. இங்கே 1881 ஆணைப்படி சாதி, மதச் சட்டங்களைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்ற குடும்பங்களின் வாரிசுகளுக்குப் பிரெஞ்சுக் குடிமைச் சட்டம் இன்னும் வழக்குமன்றத்தில் பேசுகிறது. மொழியில்தான் வித்தியாசம். 1921 அரசியல் சட்டம் லூசியானாப் பள்ளிகளில் ஆங்கிலத்தைத் தவிர வேறு கூடாது என்றது. பிள்ளைகள் பிரெஞ்சு பேசியதற்கு அடி வாங்கினார்கள். மனம் மாறி, 1968-இல் பிரெஞ்சை வளர்க்க ஒரு மன்றம் வைத்தார்கள். புதுவையில் யாரும் யாரையும் அடிக்கவில்லை. பிரெஞ்சு தானாக மெலிந்து, சில தெருப் பலகைகளிலும் ஓய்வூதியக் கடிதங்களிலும் தங்கிவிட்டது.

வீராம்பட்டினத்தில் இன்னொரு மிச்சம் உண்டு, சட்டப் புத்தகத்தில் இல்லாதது. செங்கழுநீர் அம்மன் ஆடித் தேரின் வடத்தைப் பிரெஞ்சுக் குவர்னர் தொட்டுத் தொடங்கிவைப்பது அந்தக் காலத்து வழக்கம். பிரெஞ்சுக்காரன் போய் எழுபதாண்டு ஆகிறது. குவர்னரின் இடத்தில் இப்போது துணைநிலை ஆளுநர், கூடவே முதலமைச்சர். அன்று உள்ளூர் விடுமுறை.

ஆலைகளுக்கு அந்த ஆயுள் வாய்க்கவில்லை. சவானா பிறகு சுதேசி மில்லாகவும், கெப்லே பாரதி மில்லாகவும், ரோடியர் ஏ.எப்.டி. என்றும் பெயர் மாறி அரசின் கைக்கு வந்தன. ஏ.எப்.டி. 2020 ஏப்ரல் 30-இல் முறைப்படி மூடப்பட்டது. லூசியானாவிலோ தின்யோன் கட்டச் சொல்லித்தரும் வகுப்புகள் நடக்கின்றன. பாடம் கேட்க வருகிறவர்கள் அருங்காட்சியகக் கடையில் கட்டத்துணி வாங்கிக்கொள்கிறார்கள். சீட்டில் ‘மதராஸ்’ என்று போட்டிருக்கும்.